கேட்டோ விட்ஃபீல்டின் சாமான் பட்டியல்

தொடையிடுக்கில் தோல் உரிந்து கால்சட்டையோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. குதிரையை விட்டு இறங்கியபோது அது பிய்ந்துகொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு வலி. பத்து நாள் பெக்கோஸ் ஆற்றுக்கு மேற்கே அலைந்துவிட்டு வந்திருந்தோம். அப்பாச்சிச் செவ்விந்தியர்களைத் தேடிப் போனதாகப் பெயர். ஒருவனும் கண்ணில் படவில்லை. கள்ளிச் செடியும் வறண்ட தண்ணீர்க் குழியும்தான் பார்த்தோம்.

எவ்வளவு வலித்தாலும் குதிரையைக் கவனிக்காமல் எங்கள் படையில் எவனும் உட்கார முடியாது. தண்ணீர் காட்ட வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். நான் மூன்றாவது குளம்பில் இருந்தபோது சார்ஜண்ட் ஜூபல் ஹார்மன் லாயத்துக்குள் வந்தார்.

"ரிவர்ஸ், கேட்டோ செத்துட்டான்."

நான் குதிரையின் காலைக் கீழே விட்டேன்.

"செவ்வாய்க்கிழமை. வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. டாக்டர் அபின் குடுத்துப் பார்த்தார். அன்னிக்கே புதைச்சாச்சு, இந்த வெயில்ல வெச்சிருக்க முடியுமா? நாளைக்குக் காலையில அவன் சாமானை எடுக்கணும். துப்பாக்கி, வாள், பை, படுக்கை எல்லாம். மத்தியானத்துக்குள்ள லெப்டினன்ட் பட்டியல் கேக்குறார். நீ எழுது."

"சரி, சார்ஜண்ட்."

"நாலாவது குளம்பைப் பார்க்காம போயிடாத."

அப்போது என் தோளில் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த துப்பாக்கி கேட்டோவுடையது. இது சார்ஜண்டுக்குத் தெரியாது. கேட்டோவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது எனக்கு மட்டும்.

இது நடந்தது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில், டெக்ஸஸின் மேற்குக் கோடியில். எங்களுடையது கறுப்பர்களின் குதிரைப்படை. அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்புவரை நாங்கள் எல்லோருமே யாரோ ஒருவரின் சொத்து. நான் லூசியானாவில் கரும்பு வெட்டியவன். பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தேன். படையில் சேர்ந்த பிறகு பாதிரியார் நடத்திய பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றேன். மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றேன். அதனால் கார்ப்பரல் பட்டை கிடைத்தது. பட்டையோடு ஒரு மேஜையும் கிடைத்தது. அரை நாள் லாயத்தில் சாணி அள்ளாமல், தண்ணீர் வண்டி தள்ளாமல், நிழலில் உட்கார்ந்து பதிவேடு எழுதலாம். முதுகு ஒடிய வேலை செய்து வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த மேஜைதான் இப்போது போகப் பார்த்தது. காரணம், ஒரு முளை.

குதிரைகளை மேய விடும்போது நீளமான இரும்பு முளையைத் தரையில் அடித்துக் கயிற்றில் கட்டுவோம். முளையை அடிக்கக் கோடாலியின் பின்புறம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கல் வேண்டும். அவசரத்தில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் மரக்கட்டையால் அடிப்பார்கள். அந்த ஊர்த் தரை பாறை மாதிரி. நாலு அடியில் கட்டையின் கழுத்தில் விரிசல் விழும். அப்படி அடித்தவனையெல்லாம் பிடித்துத் திட்டுவது கார்ப்பரலின் வேலை. நானும் திட்டியிருக்கிறேன். வசந்த காலத்தில் ஒருநாள் மழை வருமுன் குதிரையைக் கட்ட வேண்டும் என்று நானே அடித்தேன். மூன்றாவது அடியில் சத்தம் கேட்டது. விரிசலில் மெழுகைத் தேய்த்து மறைத்து வைத்தேன்.

ஆற்றுக்கு மேற்கே புறப்படும் நாளன்று லெப்டினன்ட் எல்லோருடைய ஆயுதத்தையும் கையில் வாங்கிப் பார்ப்பார் என்று தெரிந்தது. உடைந்த ஆயுதத்தின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கார்ப்பரல் என்றால் பட்டையும் போகும். அன்று காலை கேட்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் வரக் காத்திருந்தான்.

"என்னுதை எடுத்துக்கங்க, கார்ப்பரல்," என்றான். "படுத்துக் கெடக்கிறவன் துப்பாக்கியை எவன் பார்க்கப்போறான்? உங்களுதை என் எடத்துல வெச்சிட்டுப் போங்க."

"திரும்பி வந்ததும் மாத்திடறேன்."

"வந்ததும் அந்தக் கடுதாசி."

"கண்டிப்பா."

"பிப்ரவரியிலயும் கண்டிப்பான்னுதான் சொன்னீங்க," என்று சிரித்தான். கோபமே இல்லை.

பிப்ரவரியில் எனக்குப் பல் வலி. இரண்டு இரவு எனக்குப் பதிலாக அவன் லாயத்தில் காவல் நின்றான். அதற்குக் கூலியாக நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். எங்கள் ஜனங்கள் நடத்திய ஒரு சபைப் பத்திரிகை, பிரிந்துபோன சொந்தக்காரர்களைத் தேடும் கடிதங்களை அச்சிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போதகர்கள் அதைக் கோயிலில் வாசிப்பார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஏழெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர்கள் நச்சரித்தார்கள், எழுதினேன். கேட்டோ நச்சரிக்கவில்லை. அதனால் தள்ளிப்போட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

*

மறுநாள் காலை, காப்பியும் உப்புப் பன்றிக்கறியும் முடிந்ததும் நாங்கள் படுக்கும் கொட்டடிக்குள் வேலை ஆரம்பித்தது. சார்ஜண்ட் சாமானை எடுத்துக் காட்டுவார். நான் மடியில் பலகை வைத்து எழுதுவேன். எதிர்க் கட்டிலில் எல்பர்ட் சக்ஸ் உட்கார்ந்து தன் பூட்ஸைத் தைத்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாதவன்.

"வாள், ஒண்ணு," என்றார் சார்ஜண்ட். உருவப் பார்த்தார், வரவில்லை. முழங்காலில் இடுக்கி இழுத்தார்.

"துருன்னு எழுதாதீங்க," என்றான் சக்ஸ். "அது கறிக் கொழுப்பு. போன குளிர்காலத்துல அதுல குத்தி மான்கறி வாட்டினோமே, அதுக்கு அப்புறம் உறையை விட்டு வரல."

"வாயை மூடு. எழுது: வாள் ஒண்ணு, உறையோட. கைத்துப்பாக்கி ஒண்ணு. தோட்டா இடுப்புவார் ஒண்ணு. துப்பாக்கி மாட்டுற தோள்வார் ஒண்ணு, கொக்கியோட."

துப்பாக்கித் தாங்கியில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. கேட்டோவின் இடத்தில் இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பதிவேட்டைப் பிரித்தேன். கேட்டோவின் பெயருக்கு நேரே துப்பாக்கி எண் 40388. என் கையில் இருந்த இரும்பில் 41906. அது என் எண். பதிவேட்டை எழுதியதும் நான்தான். அந்த மாத முடிவில் புதிய பதிவேட்டுக்குப் பெயர்த்து எழுதப்போவதும் நான்தான். அப்போது இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிடலாம். சார்ஜண்டுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சிலுவைக் குறி போடுவார். அதற்குக் கீழே லெப்டினன்ட் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்.

"நம்பர் ஒத்துப்போகுதா?"

"ஒத்துப்போகுது, சார்ஜண்ட்."

அவர் துப்பாக்கியைத் திரும்ப வாங்கித் தாங்கியில் வைக்கப் போனார். வைக்கவில்லை. பெருவிரலைக் கட்டையின் கழுத்தில் ஓட்டினார். நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

"என்ன இது?"

நான் பார்ப்பது போலக் குனிந்தேன். "விரிசல் மாதிரி இருக்கு."

"கேட்டோவா? முளை அடிக்கக் கல்லைத் தேடிக்கிட்டு அரை மைல் நடந்தவனாச்சே."

"காய்ச்சல் வேகத்துல எதையாவது அடிச்சிருப்பான்," என்றான் சக்ஸ்.

"உன் பூட்ஸைத் தைடா." சார்ஜண்ட் பெருமூச்சு விட்டார். "சரி. எழுது. கட்டையில விரிசல். நாலு மாசச் சம்பளம் வராம நிக்குது, அதுல பிடிச்சுக்கட்டும். அவனுக்கு யாரு இருக்கா, கேக்குறதுக்கு?"

சொந்தக்காரர்கள் என்ற இடத்தில் அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. சேர்ந்த அன்று கேட்டிருப்பார்கள். தெரியாது என்று சொல்லியிருப்பான். தெரியாததை எழுத மாட்டார்கள். ஆகவே யாரையும் நான் ஏமாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன்: 'கட்டையில் விரிசல். இறந்தவரின் கணக்கில்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பிறகு அவன் சொந்தச் சாமான். சவரக்கத்தி ஒன்று. சோப்பு அரைக் கட்டி. ஊசி நூல் சுருள் ஒன்று. கம்பளிச் சட்டை ஒன்று. விளிம்பில் மூன்று துளை போட்ட தகரக் குவளை. பெயர் எழுதத் தெரியாததால் அடையாளத்துக்கு ஆணியால் போட்டது. அரிச்சுவடி ஒன்று, முதல் நாலு பக்கம் அழுக்கு, மற்றதெல்லாம் புதுசு. பையின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி, கயிறு கட்டிய ஒரு தட்டையான பொட்டலம்.

சார்ஜண்ட் கயிற்றை அவிழ்த்தார். கோடு போட்ட வெள்ளைக் காகிதம் ஆறு. ஓர் உறை. உறையின் மூலையில் தபால்தலை ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கொஞ்சம் கோணலாக.

"எழுத்தே தெரியாதவனுக்கு இது எதுக்குடா?"

"தெரியல," என்றேன்.

காகிதம் ஆறு, உறை ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தபோது டைசி அக்கா உள்ளே வந்தாள். எங்கள் படைப்பிரிவுக்குத் துணி துவைப்பவள். சாம்பல் காரம் தின்று முழங்கை வரை வெளுத்த கைகள். வயதில் பெரியவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வெளுத்து மடித்த இரண்டு சட்டைகளைக் கட்டிலில் வைத்தாள்.

"இதையும் சேர்த்துக்கோ சார்ஜண்ட். கேட்டோவுது. கூலி வேண்டாம். செத்தவன்கிட்ட என்ன வாங்குறது?"

"சட்டை ரெண்டு, எழுது."

"ஓ, எழுதுறது நீதானா?" என்று என் பக்கம் திரும்பினாள். "இதை மட்டும் நல்லா எழுதுற. அவன் கடுதாசியை எழுதறதுக்குத்தான் உனக்குக் கை வரல."

"எந்தக் கடுதாசி?" என்றார் சார்ஜண்ட்.

"தங்கச்சிக்கு. அவளைத் தேடி. ஆஸ்பத்திரியில அவனுக்குத் துணி மாத்துனவ நான்தானே. மருந்தைக் குடிடான்னா 'கார்ப்பரல் வந்துடுவார்' அப்படீங்கிறான். தண்ணியைக் குடிடான்னா 'கார்ப்பரல் வந்து எழுதுவார், காகிதம் வாங்கி வெச்சிருக்கேன், தபால்தலைகூட ஒட்டிட்டேன்' அப்படீங்கிறான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. சாகுற அன்னிக்குக் காலைல சொல்றான், வியாழக்கிழமைதான் வருவார் அக்கா, இன்னும் ரெண்டு நாள்னு."

சக்ஸ் ஊசியை நிறுத்திவிட்டான்.

"அவனுக்குத் தங்கச்சி இருக்காளா?" என்றார் சார்ஜண்ட்.

"லெட்டின்னு பேரு. வர்ஜீனியாவுல ஒரே நாள்ல ரெண்டு பேரையும் வித்தாங்களாம். அவ ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். இருக்காளோ, செத்தாளோ."

சார்ஜண்ட் கட்டிலில் உட்கார்ந்தார். "அப்போ அந்த நாலு மாசச் சம்பளம் அந்தப் பொண்ணுக்குப் போகணும். விரிசல் காசு போக மீதி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு வரி எழுதினால் பட்டியல் முடிந்துவிடும். மேஜை எனக்கு இருக்கும்.

"விரிசல் என்னுது, சார்ஜண்ட்."

"என்ன?"

"முளை அடிச்சது நான். அது என் துப்பாக்கி. அவனோடது என் எடத்துல இருக்கு. அவன்தான் எடுத்துக்கச் சொன்னான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நம்பர் ஒத்துப்போகுதான்னு கேட்டேன்."

"ஆமா."

"ஒத்துப்போகுதுன்னு சொன்ன."

"ஆமா."

"ரெண்டு வருஷமா நீ வாசிச்சுச் சொல்லச் சொல்லக் கீழ சிலுவை போடுறேன். எத்தனை பக்கம் இருக்கும்?"

வேறு எந்தப் பக்கத்திலும் நான் பொய் எழுதியதில்லை. ஆனால் அதை இனிமேல் சொல்லி என்ன?

"துப்பாக்கியை மாத்தி வை," என்றார். "வேற தாள் எடு. முதல்லேருந்து எழுது. சக்ஸ், ஸ்கூல் போற அந்தச் சின்னப்பய ஹேம்ப்டனைக் கூப்பிடு. இவன் எழுதுனதை அவன் எனக்கு வாசிச்சுக் காட்டட்டும்."

என் இடத்திலிருந்து 40388ஐ எடுத்துக் கேட்டோவின் இடத்தில் வைத்தேன். பத்து நாள் தூசி அதில் இருந்தது. துடைத்துவிட்டு வைத்திருக்கலாம்.

*

லெப்டினன்ட் பிரெண்டிஸ் ஒஹையோக்காரர். கெட்டவர் இல்லை. அவருக்கும் வயிறு சரியில்லை. சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே சார்ஜண்ட் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"பட்டையைப் பிரிச்சிடு, ரிவர்ஸ். கட்டையோட விலையை உன் சம்பளத்துல பிடிப்பாங்க. நாளையிலேருந்து லாயம்."

"சரி, சார்."

"அந்தத் தங்கச்சியோட முழுப் பேர்?"

"லெட்டி, சார்."

"லெட்டி என்ன?"

விட்ஃபீல்ட் என்பது கேட்டோ விடுதலைக்குப் பிறகு வைத்துக்கொண்ட பெயர். தங்கைக்கு அது தெரியவே தெரியாது. அவள் என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்பது யாருக்கும் தெரியாது.

"எந்த ஊர்ல வித்தாங்க? வாங்கினது யாரு? பழைய எஜமான் பேராவது தெரியுமா?"

"உட்கார்ந்து எழுதும்போது சொல்றேன்னான், சார்."

"நீ உட்காரல."

"இல்ல, சார்."

அவர் பேனாவை மையில் தொட்டு, அந்த இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதினார். "எப்பவாவது அவ கிடைச்சா வாஷிங்டனுக்கு எழுதச் சொல்லு. பணம் அங்கதான் இருக்கும்." சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டார். அவ்வளவுதான்.

அன்று மாலையே லாயத்துக்கு முன்னால் ஏலம். செத்தவனின் சொந்தச் சாமானைப் படைப்பிரிவுக்குள்ளேயே ஏலம் விடுவது வழக்கம். அதிலும் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செத்தவனுக்குப் பெண்டாட்டியோ அம்மாவோ இருந்தால் உடைந்த சீப்பைக்கூட ஒரு டாலருக்கு ஏற்றுவோம். வாங்கியவன் அதைத் தூக்கி எறிவான், பணம் அவர்களுக்குப் போகும். யாரும் இல்லாவிட்டால் பணம் சர்க்காருக்குப் போகும். சர்க்காருக்காக எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

"சவரக்கத்தி," என்றார் சார்ஜண்ட். ஒருவரும் பேசவில்லை.

"அவனுக்குத் தங்கச்சி இருக்காடா, பாவிகளா!" என்று டைசி அக்கா வேலியோரமிருந்து கத்தினாள். "ஏத்துங்கடா!"

"காகிதத்துல இருக்காளா, அக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

சார்ஜண்ட் தலையை ஆட்டினார். இல்லை.

"அப்போ சர்க்கார்தான் அவனுக்குத் தங்கச்சி," என்றான் சக்ஸ். நாலு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சவரக்கத்தியைப் பத்து சென்ட்டுக்கு எடுத்துக்கொண்டான். சட்டைகளைத் தலைக்கு ஒன்றாக இரண்டு பேர் எடுத்தார்கள். குவளையை டைசி அக்கா எடுத்தாள். அரிச்சுவடியை யாரும் கேட்கவில்லை. பாதிரியாருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் எண்ணெய்த் துணிப் பொட்டலம். சார்ஜண்ட் என்னைப் பார்க்காமல் அதைத் தூக்கிப் பிடித்தார். நான் ஏலம் கேட்டேன். என்னை எதிர்த்து எவனும் கேட்கவில்லை. வாங்க முன்னே போனபோது பிரித்த பட்டையின் நூல்கள் என் சட்டைக் கையில் துருத்திக்கொண்டிருந்தன. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"இதை வெச்சு என்ன பண்ணப்போற?" என்றார் சார்ஜண்ட், பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே. அதற்குப் பிறகு நான் படையை விட்டு விலகும்வரை மூன்று வருஷம், வேலைக்குச் சொல்வதைத் தவிர அவர் என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாய வேலை முடிந்த பிறகு ஒரு வைக்கோல் கட்டின்மேல் காகிதத்தை விரித்து உட்கார்ந்தேன். அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, என் தங்கையைத் தேடுகிறேன், அவள் பெயர் இது. எங்கள் எஜமான் பெயர் இது. விற்ற தரகன் பெயர் இது, வாங்கியவன் பெயர் இது, எங்கள் அம்மாவின் பெயர் இது. இதில் எனக்குத் தெரிந்தது லெட்டி என்ற ஒன்றுதான். டைசி அக்காவிடம் திரும்பப் போய்க் கேட்டேன். அவளுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவனைக் கேட்டேன். கேட்டோ புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னான். வர்ஜீனியாவில் எல்லோரும் புகையிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார்கள். காகிதத்தை மடித்துத் திரும்பக் கயிறு கட்டினேன்.

இப்போது கான்சாஸில் ரயில் பாதை போடுகிறேன். பொட்டலம் என் பெட்டியில் இருக்கிறது. விரிசலுக்கான பணத்தைச் சர்க்கார் என் சம்பளத்தில் இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டது. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. கேட்டோவிடம் இரண்டு இரவுக் காவலையும் பத்து நாளைக்கு ஒரு நல்ல துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு அவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அது இன்னும் பாக்கி.